அறுபதுக்குப் பிறகு சட்டை தைக்க வெள்ளவத்தையில் ஒரு மாடி

வெள்ளவத்தையில் சாறி வாங்கக் கடைகளுக்குக் குறைவில்லை, காலி வீதியின் இரண்டு பக்கமும் கண்ணாடிக்குள்ளே பொம்மைகள் பட்டு உடுத்துக்கொண்டு நிற்கின்றன. அந்தச் சாறிக்கு, அறுபது தாண்டிய உடம்பில் ஒழுங்காக இருக்கிற மாதிரி ஒரு சட்டை தைத்துத் தரத் தெரிந்த ஆளைத்தான் தேட வேண்டும். அதுவும் "இந்த வயதில் இந்தக் கழுத்தா?" என்று முகத்தைச் சுளிக்காத ஆளாக வேண்டுமென்றால் கொழும்பு முழுக்க அலைய வேண்டும். நான் அலைந்து கண்டுபிடித்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடமாட்டேன். நடத்துகிறவரே கேட்டுக்கொண்டார்: "வேண்டாம் ரீச்சர், இப்ப வாற ஆக்களுக்கே தைச்சு முடியேல்ல." காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று, ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடி. வெள்ளவத்தையில் இளைப்பாறிய ஆசிரியை யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார், அது போதும்.

நானும் இளைப்பாறிய ஆசிரியைதான், வேலையில் இருந்த காலம் முழுக்கச் சாறி. விருப்பம் என்று சொல்ல முடியாது, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் அது எழுதாத சட்டம் மாதிரி இருந்தது. 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சாறி இல்லாமல் வேறு உடையில் பள்ளிக்கூடம் போனதும் நாடு இரண்டாகப் பிரிந்து நின்று கதைத்தது ஞாபகம் இருக்கும். நான் அந்தப் பிள்ளைகளின் பக்கம்தான். ஆனால் வேலையை விட்ட பிறகு நான் சாறியை விடவில்லை, அதற்குள்ளே போடும் சட்டையைத்தான் மாற்றினேன். பள்ளிக்கூடத்துக்கு என்றே தைத்த சட்டைகள் எல்லாம் ஒரே அச்சு, கழுத்து மேலே, கை முழங்கைக்கு, நிறம் சாறியின் நிறத்திலேயே. அதிபரின் கண்ணுக்குப் படாமல் இருப்பதற்காகவே வெட்டியவை. இப்போது என்னைப் பார்க்க அதிபர் இல்லை.

ஆனால் கடைக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரிய துணிக்கடை எதற்குள்ளும் நரைத்த தலையோடு போய்ப் பாருங்கள், நீங்கள் வாயைத் திறக்க முதலே "அன்ரிக்கு இது நல்லா இருக்கும்" என்று சாம்பல் நிறத்தில் மெல்லிய கரை போட்ட ஒன்றை எடுத்து விரித்துவிடுவார்கள். அது வேண்டாம் என்றால் மங்கல் மண்ணிறம். அதுவும் வேண்டாம் என்றால் "மகளுக்கா பார்க்கிறீங்க?" ஒரு கடையில் நான் ராணிப் பிங்க் கேட்டபோது அந்தப் பிள்ளை உண்மையாகவே எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது, கலியாணப் பெண் எங்கே என்று. குணம் கெட்ட பிள்ளை இல்லை, அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். நரைத்த தலைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தை வைத்தால் முகமே காணாமல் போய்விடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, மாடிக்கு வருவோம். இரண்டு தையல் மெஷின், ஒரு நீள மேசை, ஒரு திரை, ஒரு கண்ணாடி, ஒழுங்கைப் பக்கம் ஒரு ஜன்னல். அவ்வளவுதான். நடத்துகிற பெண்ணை எல்லோரும் தையலக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், என்னைவிட இளையவர், நானும் அக்கா என்கிறேன். உதவிக்கு ஒரு பிள்ளை இருக்கிறது, ஹூக் தைப்பதும் ஃபோல் அடிப்பதும் அந்தப் பிள்ளையின் வேலை.

வழமையாகத் தையற்கடையில் முதல் கேள்வி என்ன? "அளவுச் சட்டை கொண்டு வந்தீங்களா?" பத்து வருஷத்துக்கு முந்திய சட்டை ஒன்றைக் கொடுப்போம், அதைப் பார்த்து வெட்டுவார்கள், பத்து வருஷத்துக்கு முந்திய என் உடம்புக்கு அச்சொட்டாக ஒரு சட்டை வரும். இங்கே நான் முதல்முறை போனபோது அளவுச் சட்டையை நீட்டினேன், தையலக்கா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது அந்த நேரத்து நீங்கள். இப்ப நேரா நில்லுங்கோ, பாப்பம்."

அதற்குப் பிறகும் நாடாவை எடுக்கவில்லை. கையைத் தூக்கச் சொன்னார். பின்னுக்குக் கொண்டுபோகச் சொன்னார். என் வலது தோள் அரைவாசியிலேயே நின்றுவிட்டது, சீனி வருத்தக்காரர்களுக்குத் தோள் இறுகுவது சாதாரணம், எனக்கும் அதுதான். "அப்ப பின்னுக்கு ஹூக் வைச்சா ஆர் பூட்டிறது?" என்று கேட்டார். என்னிடம் இதைக் கேட்ட முதல் தையற்காரர் இவர்தான். இதற்கு முன் தைத்தவர்கள் எல்லாம் முதுகு இறக்கமாக வேண்டும் என்றால் பின்னுக்குத்தான் ஹூக் என்று அடித்துச் சொல்லி, நானும் ஒவ்வொரு விசேஷத்துக்கும் மருமகளைக் கூப்பிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். இவர் முன்பக்கம் ஹூக் வைத்து, பின் கழுத்தையும் நன்றாக இறக்கி, தோள் வழுக்காமல் உள்ளே ஒரு சின்ன நாடா கொடுத்துக் கட்ட வைத்துவிட்டார்.

பிறகு பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லி ஒரு நிமிஷம் பேசாமல் பார்த்தார். வயது போகப் போக மேல்முதுகு கொஞ்சம் வளையும், யாருக்கும் இது புதிதல்ல. அப்போது பின்பக்கத் துணி போதாமல் இழுபட்டு மேலே ஏறும், முன்பக்கம் கழுத்தடியில் துணி மிஞ்சிச் சுருங்கி நிற்கும். நாங்கள் என்ன செய்வோம், நாள் முழுக்கச் சட்டையைப் பின்னால் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்போம், சபையில் இருந்து பாருங்கள், எங்கள் வயதுப் பெண்கள் பாதிப்பேர் இழுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். இவர் முதுகின் நீளத்தைக் கூட்டி முன் நீளத்தைக் குறைத்து வெட்டுகிறார், மார்புக்குக் கீழே துணியை மடித்துத் தைக்கிற முன் டாட்டின் முனையையும் இறக்குகிறார், ஏனென்றால் மார்பு முப்பது வயதில் இருந்த இடத்தில் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை, உதவிப் பிள்ளை சிரிக்கவும் இல்லை, முழங்கை நீளம் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

நிறம் தெரிகிற விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வெட்டுத் துண்டுகள் போட்ட பழைய பிஸ்கட் டின் ஒன்று வைத்திருக்கிறார். சட்டைத் துணி எந்த நிறம் என்று யோசித்தால் அந்தத் துண்டை நாங்கள் சாறிக்குப் பக்கத்தில்தானே வைத்துப் பார்ப்போம்? இவர் ஆளை ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய் முகத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். கடும் பச்சைக் கைத்தறிச் சாறிக்கு நான் பச்சைச் சட்டைதான் நினைத்துக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு துண்டாக வைத்து எடுத்து, கடைசியில் செம்பருத்திச் சிவப்பில் நிறுத்தி, "தலைமயிர் வெள்ளையாப் போனது நல்லது ரீச்சர், இனி எந்த நிறமும் நிக்கும்" என்றார். நரையைப் பற்றி எனக்கு யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அந்தச் சட்டையோடு பம்பலப்பிட்டியில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போனேன், மச்சாள் ஒருத்தி "இது என்ன கோலம்" என்றாள், சாப்பாடு முடிய முதலே தனியாக வந்து எங்கே தைத்தது என்றும் கேட்டாள்.

அங்கே வருகிறவர்களைப் பார்ப்பதற்கே போகலாம். எழுபத்துநான்கு வயதில் கையில்லாத சட்டை போடுகிற என் சினேகிதி ஒருத்தி இருக்கிறாள், ஆண் பிள்ளைகளின் மாதிரித் தலைமயிரை ஒட்ட வெட்டி, இரண்டு கையிலும் வெள்ளிக் காப்பு அடுக்கி, சிவப்புச் சட்டகம் போட்ட மூக்குக்கண்ணாடியோடு மரீன் டிரைவில் நடப்பாள். அவளுக்கு இங்கே தைக்கும் விதத்தைக் கவனித்தேன். கைச்சதை தொங்குகிறது என்று மற்றவர்கள் கையை நீட்டி மூடப் பார்ப்பார்கள். தையலக்கா தோள்பட்டைத் துணியைச் சற்று அகலமாக விட்டு, அக்குளடியை நன்றாக மேலே ஏற்றி உடம்போடு ஒட்ட வெட்டி, விளிம்புக்குக் குறுக்காக வெட்டிய பட்டி கொடுத்து மடிக்கிறார். அதனால் சதை பிதுங்குவதில்லை, உள்ளுடுப்பும் தெரிவதில்லை. கையை மறைக்கவில்லை, கை இருக்கிறபடியே இருக்கிறது, வெட்டு நேர்த்தியாக இருப்பதால் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை.

இன்னொரு நாள் என் முறைக்குக் காத்திருந்தபோது ஒரு அம்மா மகளோடு வந்தார். மகள் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். அம்மா பையிலிருந்து எடுத்தது கத்தரிப்பூ நிறத்தில் மயில்நீலக் கரை போட்ட பருத்திச் சாறி. சட்டை மயில்நீலத்தில், பின் கழுத்து சதுரமாக வேண்டும் என்றார். மகள் மெதுவாக, "அம்மா, அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகேல்ல, ஆக்கள் என்ன சொல்லுவினம், ஒரு வெள்ளைச் சட்டை போடலாமே" என்றார். தையலக்கா நாடாவைக் கழுத்தில் போட்டபடி மகளைப் பார்த்து, "சட்டை ஆருக்குத் தங்கச்சி, உங்களுக்கோ அம்மாவுக்கோ?" என்று கேட்டார்.

"அம்மாவுக்கு."

"அப்ப அம்மாவிட்டையே கேக்கிறன். சதுரம் எவ்வளவு இறக்கம் அம்மா?"

அந்த அம்மா மகளின் பக்கம் பார்க்காமல் தன் முதுகில் விரலை வைத்துக் காட்டினார், நான் நினைத்ததைவிட இரண்டு அங்குலம் கூட இறக்கம். மகளும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போய்விட்டார். புருஷன் செத்தால் வீட்டில் இருக்கிற நிறங்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறார் என்று எங்கள் சனம் இன்னும் நினைக்கிறது. பொட்டு வைக்கலாமா, பூ வைக்கலாமா என்று பிள்ளைகளே தீர்ப்புச் சொல்கிறார்கள், அதுவும் கனடாவிலிருந்து வட்சப்பில்.

என் பேத்தி ஒருத்தி இருக்கிறாள், உடுப்பாலும் நகையாலும் பெயரெடுத்த நியூயோர்க்கின் ஐரிஸ் அப்ஃபெல் 2024 மார்ச்சில் 102 வயதில் இறந்தபோது அவரது படத்தை எனக்கு அனுப்பி "அம்மம்மா, இது நீங்கள்" என்று எழுதினாள். அந்தப் பெரிய வட்டக் கண்ணாடியும், முழங்கை வரை வளையலும், கழுத்து நிறைய மணியும். 2005 இல் மெட்ரோபொலிட்டன் மியூசியம் அவரது உடுப்புகளையும் நகைகளையும் வைத்துக் கண்காட்சி நடத்தியபோது அவருக்கு வயது 84. நல்ல விஷயம்தான், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று பேத்திக்கு எழுதினேன். இங்கேயே மினெட் டி சில்வா இருந்தார், 1948 இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் சேர்ந்த முதல் ஆசியப் பெண், அதே வருஷம் போலந்தில் நடந்த மாநாட்டில் சாறியோடு பிக்காசோவுக்குப் பக்கத்தில் நிற்கும் படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஈனா டி சில்வா இருந்தார், மெழுகு பூசிச் சாயமிடுகிற பத்திக்குக்கு இந்த நாட்டில் ஒரு மரியாதை வந்ததே அவராலும்தான், 2015 இல் தொண்ணூறு தாண்டி இறந்தார், கடைசிக் காலத்திலும் மாத்தளை அலுவிகாரையில் துணியும் மெழுகும் சாயமுமாக வாழ்ந்தவர். பார்பரா சன்சோனி, 1928 இல் பிறந்து 2022 இல் போனவர், அவர் தொடங்கிய பெயார்ஃபுட் கடை இன்றும் கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் இருக்கிறது. இளஞ்சிவப்புக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், அதற்குப் பக்கத்தில் ஊதா என்று கோடு போட்ட கைத்தறியை நெய்ய வைத்த பெண் அவர், வயதானவர்களுக்கென்று தனி நிறம் அங்கே கிடையாது. எங்கள் தமிழ்ப் பெண்கள் அந்தக் கடையை வெளிநாட்டுக்காரருக்கென்று நினைத்து வாசலோடு போய்விடுகிறார்கள். விலை குறைவில்லை, உண்மை. ஆனால் துணியை மீற்றரில் வெட்டித் தருகிறார்கள், முழுச் சாறி வாங்கத் தேவையில்லை, சட்டைக்கு ஒரு மீற்றர் வாங்கி வீட்டில் கிடக்கிற பழைய ஒற்றை நிறச் சாறிக்குப் போட்டால் அந்தச் சாறிக்கு உயிர் வந்துவிடும். காசைப் பார்த்தால் புறக்கோட்டை கெய்சர் வீதி, காலையிலேயே போய்விட வேண்டும், மத்தியானம் அந்தச் சனத்துக்குள் எங்கள் முழங்கால் தாங்காது.

துணியைக் கொடுக்கும்போது தையலக்கா சொல்கிற இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். லைனிங் துணி பருத்தியாக இருந்தால் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார், இல்லாவிட்டால் முதல் தோய்ச்சலில் லைனிங் மட்டும் சுருங்கி வெளித்துணி பொங்கி நிற்கும். மற்றது ஹூக். கடற்கரையோரம் இருக்கிற எங்களுக்கு உப்புக்காற்றில் இரும்பு ஹூக் துருப்பிடித்து நல்ல சட்டையில் மண்ணிறக் கறை விழும், வெளுக்கவே வெளுக்காது. இவர் பித்தளை ஹூக்தான் போடுகிறார், அதற்குக் கொஞ்சம் கூடக் காசு. உள்ளே இரண்டு பக்கமும் ஒரு அங்குலத் துணியும் விடுகிறார், மெலிந்தாலும் கொழுத்தாலும் பிரித்து அடிக்கலாம். இந்த வயதில் மருந்து மாறினாலே உடம்பு மாறுகிறது, அந்த ஒரு அங்குலம் பெரிய காரியம்.

இனிக் குறைகள். சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைத்தான் ஏசுவீர்கள்.

முதலாவது, படி. இவ்வளவு வயதான பெண்களை நம்பி நடக்கிற இடத்துக்கு ஏணி மாதிரி ஒடுங்கிய படி, கைபிடி ஒரு பக்கம் மட்டும்தான், அதுவும் இறங்கும்போது என் வலிக்கிற பக்கம். ஏற முடியாதவர்கள் கீழே மருந்துக் கடை வாங்கில் இருந்து கூப்பிட்டால் உதவிப் பிள்ளை நாடாவோடு இறங்கி வரும், ஆனால் அந்தப் பிள்ளை எடுக்கிற அளவும் அக்கா எடுக்கிற அளவும் ஒன்றல்ல. நாலு பேர் பார்க்க வீதியோரத்தில் மார்பளவு எடுப்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது. இதைப் பற்றி எத்தனை பேர் சொல்லியும் அக்கா "வீட்டுக்காரர் விடமாட்டார்" என்கிறார். இன்னொரு கைபிடி போட வீட்டுக்காரர் ஏன் விடமாட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, நாள். சனிக்கிழமை தருகிறேன் என்றால் அடுத்த செவ்வாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மச்சாளின் மகளின் கலியாணத்துக்குக் கொடுத்த சட்டை முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் கைக்கு வந்தது, கீழ் மடிப்புத் தைக்காமல் ஊசி குத்தியபடி, வீட்டில் நானே இருந்து கையால் தைத்தேன். அடுத்தநாள் சட்டை அழகாகத்தான் இருந்தது, கோபமும் போகவில்லை. நன்றாகத் தைக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த வருத்தம் இருக்கிறது, அவர்களுக்கு "இல்லை, இந்தக் கிழமை முடியாது" என்று சொல்ல வாய் வருவதில்லை.

திரைக்குப் பின்னால் போட்டுப் பார்க்கிற இடத்தில் வெளிச்சம் போதாது, ஊதா மண்ணிறமாகத் தெரியும், ஆகவே போட்டபடியே ஜன்னலடிக்கு வாருங்கள், வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் வருகிறோம். சல்வார் கொடுக்காதீர்கள், காற்சட்டை வெட்டு அக்காவுக்குச் சரிவரவில்லை, இருந்தெழும்பும்போது இழுக்கிறது. கார்ட் எடுக்கமாட்டார், காசுதான்.

விலை என்று பார்த்தால் லைனிங் வைத்த சட்டைக்கு 3,000 ரூபாவைச் சுற்றி வரும், வெட்டு வேலை கூடினால் மேலே போகும். இதைவிடக் குறைத்துத் தைக்கிறவர்கள் இதே ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அங்கே தைத்த சட்டையைத் திருத்த நான் கொடுத்த காசையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் மலிவு.

போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், பூட்டு. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஒரு மாதத்துக்கு முன்னமே துணி கொடுக்காவிட்டால் கிடைக்காது. போகும்போது உடுக்கப் போகிற சாறியையும், அதோடு போடுகிற உள்ளுடுப்பையும், செருப்பையும் கொண்டுபோங்கள், எதற்கென்று கேட்பீர்கள், குதி உயரம் மாறினால் நிற்கிற விதம் மாறும், நிற்கிற விதம் மாறினால் முதுகு நீளம் மாறும். மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், படியேறத் துணை வேண்டுமென்றால் கூட்டிப்போய்க் கீழே மருந்துக் கடையில் இருத்திவிட்டு ஏறுங்கள்.

இப்போது அங்கே என்னுடைய பத்திக் சாறி ஒன்று கிடக்கிறது, கறுப்பில் செம்மஞ்சள் மீன்கள், சட்டை கையில்லாமல். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் புதன்கிழமைதான் போவேன்.